மெதுவா என்ற சொல்லும் நான் கிழித்த பக்கமும்

முதலில் மெதுவானது சேலைக் கொசுவம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், தை மாதம். தொட்டியத்தில் என் தங்கை மகனுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். எட்டரை மணிக்கு முகூர்த்தம். ஸ்ரீரங்கத்திலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பினால் போதும் என்று வண்டிக்குச் சொல்லியிருந்தேன். ஆறரைக்கே நான் செருப்பு மாட்டி ஹாலில் நின்றுகொண்டிருந்தேன். என் மனைவி வசந்தா உள்ளறையில் இருந்தாள். ஏழுக்கு வண்டி வந்து நின்றது.

"வண்டி வந்துடுச்சு."

"இதோ, கொசுவம் மட்டும்தாங்க."

கால் மணி நேரம் கழித்தும் அதே பதில். கதவைத் தள்ளிப் பார்த்தேன். பட்டுச்சேலையின் ஒரு பகுதியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். ஒரு மடிப்பு வைப்பாள், இரண்டாவது வைப்பாள், மூன்றாவதில் எல்லாம் நழுவி விழும். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "விரலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுங்க. ஒன்னாங்கிளாஸ் பிள்ளைங்க தேவலை."

நான் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினேன். வாசற்படியில் நின்று இன்னும் இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் போனபோது தாலி கட்டி முடிந்திருந்தது. தாய்மாமன் செய்ய வேண்டியதை என் சித்தப்பா மகன் செய்திருந்தான். "உன்னைத் தேடாத இடமில்லண்ணே" என்று தங்கை சொன்னாள். வீட்டுக்கு வந்ததும், "மெதுவா, மெதுவா, எல்லாம் மெதுவா. மனுஷனை அவமானப்படுத்தறதுக்குன்னே ஒரு மெதுவு" என்றேன்.

மறுநாள் காலை ஒரு நீள நோட்டு வாங்கிவந்தேன்.

இதை யாருக்காக எழுதுகிறேன் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஒருவர் திடீரென்று மெதுவாகிப் போயிருக்கிறார், ஏன் என்று தெரியவில்லை, எரிச்சலாக இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்காக எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அந்த நோட்டின் படங்கள் இப்போது பலருடைய கைபேசிகளில் சுற்றுகின்றன. அன்பான கணவன் ஒருவன் எழுதிய குறிப்புகள் என்று அதைப் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அது அப்படிப்பட்ட நோட்டு இல்லை.

நான் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பொறியியல் படித்தவன். என் பிரிவின் வேலை, ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது. ஒரு பலகையில் ஸ்டாப்வாட்சைப் பொருத்திக்கொண்டு வெல்டரின் பக்கத்தில் போய் நிற்போம். அவர் எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் அந்த வேலைக்கான நேரம் எல்லாருக்கும் நிர்ணயமாகும். என்னைக் 'கடிகாரக்காரர்' என்பார்கள்.

இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விளையாட்டு உண்டு. கடிகாரத்தைக் கண்டதும் கை மெதுவாகும். மெதுவாகச் செய்து காட்டினால் நிர்ணய நேரம் கூடும், பிறகு வேலை சுலபமாகும். அதனால் கடிகாரம் வந்ததும் ஒருவர் மெதுவானால் அது நடிப்பு என்று கண்டுகொள்ளப் பழகியிருந்தோம். எனக்கு அதில் நல்ல பெயர்.

இன்னொரு விதியும் உண்டு. அளந்த நேரத்தை அப்படியே எழுதக் கூடாது. மனித உடம்பு களைத்துப் போகும், தண்ணீர் குடிக்கும், முதுகை நிமிர்த்தும். அதற்காகக் கொஞ்சம் நேரம் சேர்த்துத்தான் கணக்கு முடிப்போம். அட்டவணையில் களைப்புக்கென்றே ஒரு கட்டம் இருக்கும். சூடான பட்டறையில் வேலை என்றால் அதிகம் சேர்ப்போம்.

வசந்தாவின் நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டேன். தேதி, வேலை, செய்பவர், நேரம். களைப்புக்கான கட்டம் போடவில்லை. மறந்துபோய் விட்டதில்லை.

அதன்பின் தினமும் அளந்தேன். ஓய்வுபெற்ற அன்று நண்பர்கள் கொடுத்த பழைய ஸ்டாப்வாட்ச் சட்டைப்பையில் இருக்கும். காபி போட்டுக் கொண்டுவர ஒன்பது நிமிடம். ஜாக்கெட் கொக்கி ஆறும் மாட்ட ஏழு நிமிடம். கட்டிலில் புரண்டு எழுந்து உட்கார மூன்று நிமிடம். முதலில் மறைத்து அளந்தேன். பிறகு அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அவள் இன்னும் மெதுவானாள். என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை வைத்து அதைப் படித்தேன். கடிகாரத்தைப் பார்த்து மெதுவாகிறாள், அப்படியென்றால் வேண்டுமென்று செய்கிறாள்.

அவளுக்கு இருந்தது ஒரு நோய் என்றும், அதில் யாராவது பார்த்துக்கொண்டு நின்றால், மனம் பதறினால், உடம்பு இன்னும் இறுகிப்போகும் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். என் கடிகாரம் அவளை அளந்ததோடு நிற்கவில்லை, மெதுவாக்கவும் செய்தது.

வசந்தா தென்னூரில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். அவள் கையெழுத்துக்குப் பெயர் உண்டு. கரும்பலகையின் கடைசி வரியும் முதல் வரி அளவுக்கே இருக்கும். குரலும் அப்படித்தான், மூன்று வகுப்புக்குக் கேட்கும். "மெதுவாப் பேசு, பக்கத்து வீட்டுல கேக்கும்" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். "கேட்டா நாலு எழுத்து கத்துக்கட்டும்" என்பாள்.

இரண்டாவது மாதம் ஒருநாள் நோட்டைத் திறந்தபோது நடுவில் ஒரு பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள். என் கட்டங்களிலேயே.

வேலை, காபி போடுவது. செய்பவர், நான். நேரம், ஒன்பது நிமிடம்.

வேலை, காபி குடிப்பது. செய்பவர், அவர். நேரம், ஒரு நிமிடம்.

வேலை, கோபப்படுவது. செய்பவர், அவர். நேரம், கடிகாரத்தை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

அதற்குக் கீழே இன்னும் ஒரு பதிவு இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எழுத்து முதல் வரியிலேயே சிறியது. வரி நகர நகர இன்னும் சிறுத்து, கடைசிப் பதிவு எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தது. நான் பார்க்கக் கூடாதென்று பொடியாக எழுதிக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். அவள் எதிரிலேயே அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அதற்குப் பிறகு அவள் எதுவும் எழுதவில்லை. மளிகைச் சாமான் பட்டியலைக்கூட வாயால் சொல்லி என்னை எழுதவைத்தாள். வீம்பு என்று எடுத்துக்கொண்டேன்.

கிழித்ததைக் குப்பையில் போடாமல் ஸ்டாப்வாட்சின் பெட்டியில் மடித்து வைத்தேன். ஏனென்று இன்றும் தெரியவில்லை.

மூன்றாவது மாதம் எங்கள் வழக்கமான டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் நாலு வார்த்தை கண்டித்துச் சொல்வார் என்பதுதான் என் எண்ணம். அவர் அவளை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, தென்னூரில் ஒரு நரம்பியல் மருத்துவருக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார்.

அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எதிரில் கை நடுங்கும் ஒரு பெரியவர். அவரைக் காட்டி, "எனக்கு அந்த மாதிரி நடுக்கமெல்லாம் இல்லியே, எதுக்குங்க இங்க?" என்று வசந்தா கேட்டாள். என் மடியில் நோட்டு இருந்தது.

டாக்டர் ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். "பெரிசா, வேகமா தட்டுங்கம்மா." வசந்தா தட்டினாள். பத்துத் தட்டுக்குள் விரல்களின் இடைவெளி குறைந்து, பிறகு நின்றுபோனது. கதவுவரை போய்த் திரும்பச் சொன்னார். அவளுடைய வலது கை நடக்கும்போது வீசவே இல்லை. தினமும் கடிகாரத்தோடு பார்த்துக்கொண்டிருந்த நான் அதைக் கவனித்ததில்லை.

நோட்டை நீட்டினேன். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"யாரு எழுதினது இது?"

"நான்தாங்க."

"மூணு மாசமாவா? தினமுமா?" அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இந்த மாதிரி யாரும் கொண்டு வர மாட்டாங்க சார். கை நடுங்க ஆரம்பிச்சப்புறம்தான் எங்ககிட்ட வருவாங்க. இதைப் பாத்ததும் எனக்குப் பாதி வேலை முடிஞ்சுது. அம்மா, நீங்க கொடுத்து வெச்சவங்க."

வசந்தாவின் முகத்தைப் பார்த்தேன். இந்த நோயில் முகத்தின் தசைகளும் மெதுவாகிவிடும், சிரிப்பும் கோபமும் வெளியே தெரியாது. எனக்கு அப்போது அது தெரியாது.

"ரொம்பக் கரெக்டா இருக்கும் டாக்டர்" என்றாள். "வாட்ச் வெச்சுப் பாத்தாரு."

டாக்டர் கேட்டார். "சமீபத்துல ஏதாவது எழுதியிருக்காங்களா? கையெழுத்து சின்னதாகும். பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா நல்லது."

"இல்லைங்க" என்றேன்.

வசந்தா என் பக்கம் திரும்பினாள். திரும்பவே நேரமானது. என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "இல்லைங்க டாக்டர், ரிட்டையர் ஆனப்புறம் எங்க எழுதறது" என்றாள்.

அந்தப் பக்கம் இல்லாததால் சிகிச்சை ஒரு நாளும் தாமதமாகவில்லை. டாக்டர் அங்கேயே ஒரு தாளைக் கொடுத்து எழுதவைத்துப் பார்த்துக்கொண்டார். ஆனால் என்னைக் காப்பாற்ற அவள் பொய் சொன்னாள். நான் அவளிடம் அதைப் பற்றி ஏழு ஆண்டுகள் பேசவில்லை.

பார்க்கின்சன் நோய் (மூளையில் அசைவுக்குத் துணைசெய்யும் ஒரு வேதிப்பொருள் குறைந்துகொண்டே போகும் நோய், நடுக்குவாதம் என்றும் சொல்வார்கள்). நடுக்கமே இல்லாமலும் இது தொடங்கலாம். வசந்தாவுக்கு இருந்தது அசைவு மந்தம் (மூளை கட்டளை இட்டும் தசை சுணங்கி, சிறிதாக அசைவது). அதற்குச் சோம்பலோ வீம்போ காரணமில்லை. "அவங்க உள்ளுக்குள்ள ரொம்ப வேகமாத்தான் இருக்காங்க சார், உடம்புதான் பின்னாடி வருது" என்றார் டாக்டர்.

மாத்திரை ஆரம்பித்துப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஒரு காலை உள்ளறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். போனேன். நூல்சேலையில் கொசுவம் வைத்து, செருகி, நிமிர்ந்து நின்றாள்.

"எங்க உங்க வாட்ச்? இப்ப அளங்க."

"பீரோவுல இருக்கு" என்றேன்.

"தேவைப்படற அன்னைக்கு இருக்காதே" என்றாள். அவள் முகத்தில் பாதிச் சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் வாய்த்ததில்லை. காபி சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு நான் மாறிப்போனேன் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். மாத்திரைகளை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டிய நோய் இது. அதில் என் தொழில் உதவியது. காலை ஆறு, பத்து, இரண்டு, ஆறு. ஒரு வேளையும் தவறியதில்லை. எந்த மாத்திரையை எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால் கொடுப்பது என்று டாக்டரிடம் கேட்டு அப்படியே செய்தேன். நீங்களும் உங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் மாறுவதிலும் நான் தப்புச் செய்தேன். முன்பு வசையாகச் சொன்ன சொல்லை இப்போது மந்திரம்போலச் சொல்லத் தொடங்கினேன். எழுந்தால் மெதுவா, நடந்தால் மெதுவா, திரும்பினால் மெதுவா.

"மெதுவாவா?" என்றாள் ஒருநாள். "இதுக்கு மேல மெதுவாப் போகணும்னா நின்னுதாங்க போகணும்."

நடைப்பயிற்சிக்காக மன்னார்புரத்திலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் வாரம் இரண்டு நாள் வருவார். நடுத்தர வயது, வாய் ஓயாத மனிதர். நான் பின்னாலேயே மெதுவா மெதுவா என்று வருவதை ஒருநாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க சொல்றதைக் கேட்டா நல்லா நடக்கறவனுக்கே கால் பின்னிக்கும். அவங்களை சீக்கிரம்னும் சொல்லாதீங்க, மெதுவான்னும் சொல்லாதீங்க. நீங்க மெதுவாகுங்க. அது போதும்."

"எப்படி?"

"பக்கத்துல நில்லுங்க. எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணுல ரெண்டு பேரும் சேர்ந்து கால் எடுங்க."

எங்கள் குடியிருப்பு மேலூர் ரோட்டில், இரண்டாவது மாடி. லிஃப்ட் வாசலில் ஒரு இரும்புப் பட்டை இருக்கிறது. அதைக் கண்டால் வசந்தாவின் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும் (நடை உறைதல்; வாசல், குறுகிய இடம், திருப்பம் இவற்றில் கால் எழாமல் நின்றுவிடுவது). பின்னால் யாராவது காத்திருந்தால் இன்னும் மோசம். இழுத்தால் விழுந்துவிடுவார்கள். நான் அவளுடைய இடது பக்கம் நின்று, என் வலது முழங்கையைக் கொஞ்சம் விலக்கிக் கொடுப்பேன். அவள் பிடித்துக்கொள்வாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. இரும்புப் பட்டையைத் தாண்டுவோம். ஏழு ஆண்டுகள் இப்படித் தாண்டினோம்.

அந்த ஆண்டுகளில் நான் அதிகம் யோசித்தது இந்தச் சொல்லைப் பற்றித்தான். அவளோடு நடந்தால் யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். இலையில் உட்கார்ந்த விருந்தாளியிடம் 'மெதுவா சாப்பிடுங்க' என்கிறோம். குழந்தை தூங்கும் வீட்டில் 'கதவை மெதுவா சாத்து' என்கிறோம். ஆட்டோக்காரர் 'மெதுவா எறங்குங்கம்மா' என்பார். கெட்ட செய்தி கொண்டுபோகிறவரிடம் 'மெதுவா சொல்லு' என்போம். இவற்றில் எதற்கும் கடிகாரம் தேவையில்லை. இட்லி மெதுவாக இருக்கிறது என்றால் பஞ்சுபோல இருக்கிறது என்று பொருள். அந்தச் சொல் எதிரில் இருப்பவருக்கு வலிக்காமல் பார்த்துக்கொள்வதற்காக இருந்திருக்கிறது. நாற்பது ஆண்டுகள் அதை நான் நிமிடத்தில் மட்டுமே அளந்திருக்கிறேன்.

வசந்தாவின் குரலும் வர வரச் சன்னமானது. மூன்று வகுப்புக்குக் கேட்ட குரல் என் காதருகில் வந்தால்தான் கேட்கும். "கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்று நான் கெஞ்சுவேன்.

"நீங்கதானே மெதுவாப் பேசச் சொன்னீங்க, கல்யாணத்துலேர்ந்து" என்பாள்.

வருகிறவர்கள் என்னைப் புகழ்வார்கள். எங்கள் ஒரே மகள் சுமதி புனேயில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் எல்லாரிடமும் சொல்வாள், "அப்பா அம்மாவை எப்படிப் பாத்து, அளந்து, எழுதி, நோயையே கண்டுபுடிச்சுக் கொடுத்தாரு தெரியுமா?" வசந்தா நாற்காலியிலிருந்து ஒரே ஒரு முறை சொன்னாள், "ஆமா. என்னை நல்லா அளந்து வெச்சிருக்காரு." சுமதி சிரித்தாள். நான் தண்ணீர் எடுக்கப் போனேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், விழுங்குவதும் மெதுவானது. உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா (நுரையீரல் அழற்சி) வந்தது. மருத்துவமனையில் பதினோரு நாள். கடைசி இரண்டு நாள் பேச்சில்லை. ஒரு பிற்பகல், நர்ஸ் சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டிருக்கும்போது, வசந்தாவின் மூச்சு நீண்டு நீண்டு, அடுத்தது வராமல் நின்றது. இரண்டு மணி மாத்திரையைப் பொடித்துக் கையில் வைத்திருந்தேன்.

காரியங்கள் முடிந்து கிளம்பும்போது சுமதி அந்த நோட்டைக் கேட்டாள். "இது எனக்கு வேணும்ப்பா. உங்க ரெண்டு பேரோடதும் இதுல இருக்கு." கொடுத்தேன். புரட்டிவிட்டு, "நடுவுல ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கே?" என்றாள். "பழைய நோட்டும்மா" என்றேன்.

பிறகு வீட்டில் நான் மட்டும். காலை பத்தரைக்கு வேலைகள் தீர்ந்துவிடும். அதன்பின் நாள் அசையாது. ஞாயிறு பதினோரு மணிக்குச் சுமதி கூப்பிடுவாள். வாரத்தில் மனிதக் குரல் என்று நான் எண்ணிக் காத்திருப்பது அது ஒன்றுதான்.

இந்த ஆண்டு ஆடி மாதம் அவள் மகிழ்ச்சியோடு ஒரு செய்தி சொன்னாள். இந்த நோய் உள்ளவர்களின் குடும்பங்களுக்கென்று ஃபேஸ்புக்கில் ஒரு குழு இருக்கிறதாம். நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அதில் போட்டிருக்கிறாள். என்னையும் குழுவில் சேர்த்துவிட்டாள். முகம் தெரியாதவர்கள் கைகூப்பும் படங்களாக அனுப்பியிருந்தார்கள். 'இப்படி ஒரு கணவர் கிடைக்க வேண்டும்' என்று ஒரு அம்மா எழுதியிருந்தார்.

எண்களில் முகம் தெரியாது. கோபத்தோடு எழுதிய ஒன்பதும் கவலையோடு எழுதிய ஒன்பதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வசந்தா எழுதிய பக்கம் ஒன்றுதான் அந்த நோட்டில் உண்மையைச் சொல்லக்கூடியது. அது என் பீரோவில் இருந்தது.

சும்மா இருந்திருப்பேன். பத்து நாள் கழித்துக் கரூரிலிருந்து ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார். 'ஐயா, உங்களைப் பார்த்து நானும் என் மனைவிக்கு இப்படி ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். அவளுக்குத் தெரிந்தால் இன்னும் மெதுவாகச் செய்கிறாள். தெரியாமல் அளப்பது எப்படி?'

இரண்டு முறை படித்தேன்.

முதலில் கரூர்க்காரருக்குப் பதில் எழுதினேன். 'அளக்காதீர்கள். கடிகாரத்தை உள்ளே வையுங்கள். அவர் நடிக்கவில்லை. என் நோட்டு நல்லெண்ணத்தில் எழுதியதில்லை. குறித்துக்கொள்ள வேண்டுமென்றால் அவரிடம் சொல்லி, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் என்ன கைகொடுத்தீர்கள் என்றும் ஒரு கட்டம் போடுங்கள்.'

அதை அனுப்பியபின் மகளிடம் சொல்லாமல் இருக்க முடியாது. பெட்டியைத் திறந்து, கிழித்த பக்கத்தை மேசையில் விரித்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுமதிக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன். 'இது அம்மா எழுதியது. நான் கிழித்தேன். அவள் சோம்பேறி என்று நிரூபிக்கத்தான் நோட்டுப் போட்டேன். டாக்டர் கையெழுத்து கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன். அம்மாவும் எனக்காகப் பொய் சொன்னாள்.'

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் இல்லை.

அந்த ஞாயிறு பதினோரு மணிக்குக் கைபேசியை மேசையில் வைத்து உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு ஆனது. ஒரு மணிக்கு எழுந்து தயிர்சாதம் பிசைந்தேன். அவளுக்கு நான் போன் செய்யவில்லை. இதில் அவளை அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை. குழுவில் பார்த்தேன், நோட்டுப் படங்களை நீக்கியிருந்தாள். ஆனால் நீக்குவதற்கு முன் எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ.

அடுத்த ஞாயிறும் கூப்பிடவில்லை. இந்தக் குரலும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிறு பதினொன்றரைக்கு மணி அடித்தது.

"அப்பா."

"சொல்லும்மா."

ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

"என்கிட்ட நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்."

"நான் ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தேன்ப்பா. அம்மாவை உக்கார வெச்சுக்கிட்டே சொன்னேன்." பாத்திரச் சத்தம் நின்றது. "அம்மா எப்படிக் கேட்டுட்டு உக்காந்திருந்தாங்க?"

கைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"அந்தக் கடைசி வரி படிக்க முடியல. பெரிசு பண்ணினா கலங்கிடுது. நீங்க அனுப்பினதுலேர்ந்து முயற்சி பண்ணிட்டேன். நீங்களே படிங்க."

பக்கத்தை எடுத்துவந்தேன். எனக்குக் கண்ணாடிகூடத் தேவையில்லை. கிழித்த அன்றே அந்த வரி முழுவதும் எனக்குப் புரிந்தது. வேகமாகப் படித்து முடித்துவிட நினைத்தேன்.

"வேலை, வாசப்படியில..."

"மெதுவாப் படிங்கப்பா" என்றாள் சுமதி.

மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

"வேலை, வாசற்படியில் கடிகாரத்தோடு நின்று என்னைப் பார்ப்பது. செய்பவர், அவர். நேரம், இருபது நிமிடம். கொசுவத்தின் ஒரு நுனியைப் பிடித்திருந்தால் இருவரும் முகூர்த்தத்துக்குப் போயிருக்கலாம்."

மறுமுனையில் அழுகையா மூச்சா தெரியவில்லை. நான் எண்ணாமல் காத்திருந்தேன்.

"அந்தத் தாளைத் தபால்ல அனுப்புங்க" என்றாள் கடைசியில். "படம் வேணாம். தாளே வேணும். அது நோட்டுல அதோட இடத்துல இருக்கட்டும்."

"சரிம்மா."

"சாப்பிட்டீங்களா?"

"இனிமேதான்."

"சாப்பிடுங்க. வைக்கறேன்." அடுத்த ஞாயிறு கூப்பிடுகிறேன் என்று வழக்கமாகச் சொல்வதை அவள் சொல்லவில்லை. மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் தபால் அலுவலகத்துக்குக் கிளம்பினேன். உறைக்குள் அந்தத் தாள். எனக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. ரத்த அழுத்தத்தைத் தவிர ஒரு நோயும் இல்லை, கால்கள் திடமாக இருக்கின்றன. ஆனால் ராஜகோபுரத்துப் பக்கம் போனால் கூட்டம் முழுவதும் என்னைத் தாண்டிப் போகிறது. அரை அடி வைத்து நடக்கிறேன். வலது முழங்கை உடம்பிலிருந்து கொஞ்சம் விலகியே இருக்கிறது. ஒட்டிவைத்துக்கொள்ள முயன்றிருக்கிறேன், நினைவு தப்பினால் அது தன் இடத்துக்குப் போய்விடுகிறது. முன்பு ஒரு மணி நேரம் என்றால் அதில் எத்தனை வேலை அடங்கும் என்று தெரியும். இப்போது லிஃப்டிலிருந்து தெருவாசல் வரைக்கும்கூட ஒரு முழுக் காலைப்பொழுது போதாது என்று தோன்றும் நாட்கள் உண்டு.

லிஃப்ட் கீழ்த்தளத்தில் நின்று கதவு திறந்தது. இரும்புப் பட்டைக்கு முன்னால் நின்றேன். பின்னால் மூன்றாம் மாடிக்காரர், கையில் பையோடு.

"யாருக்காவது வெயிட் பண்றீங்களா சார்?"

"இல்லைங்க, நீங்க போங்க" என்று ஒதுங்கி வழிவிட்டேன்.

அவர் போனார். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணினேன்.